ஈயம் வைத்துத் தைத்த குளிப்புச் சட்டை

நான் கடல் கடந்து யாழ்ப்பாணம் போனது ஒரு புகார் மனுவின் பேரில். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸிலும் கலெக்டர் கச்சேரியிலும் பிறர் பெயருக்கு வந்த மனுக்களைப் பிரித்து, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்பியவன் நான். சிரஸ்தாராக ஓய்வு பெற்ற பிறகு என் பெயருக்கே நேராக வந்த முதல் மனு இது.

எழுதியவர் வைத்திலிங்கம். என் தங்கை சிவகாமியின் காலஞ்சென்ற கணவருக்கு மூத்த சகோதரர். மலாய் நாட்டில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சண்டிலிப்பாயில் வந்து உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரர். "தங்கள் சகோதரி சென்ற சோளகக் காற்றுக் காலத்தில் பொதுமக்கள் முன்னிலையில் தகாத கோலத்தில் கரையேறியதும், அதன் பின்பும் அடங்காமல் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க முற்படுவதும் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. நேரில் வந்து அழைத்துப் போகவும்" என்று எழுதியிருந்தார்.

தகாத கோலம் எது என்ற விவரம் மனுவில் இல்லை. கச்சேரியாக இருந்தால் 'விவரம் போதாது' என்று திருப்பியிருப்பேன். திருப்பவில்லை. கடைசி வாக்கியத்தை நாலு தரம் படித்தேன். கும்பகோணத்தில் என் வீட்டில் ஆறு அறைகள்; மனைவி போன இரண்டு வருஷமாக நாலு அறை பூட்டிக் கிடக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் கிடையாது. சமையற்காரர் கேட்கமாட்டார், அவருக்குத்தான் தெரியுமே. குடும்ப மானத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். பூட்டியிருந்த அறைகளில் கிழக்குப் பார்த்த ஒன்றைத் திறந்து, வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காங்கேசன்துறை ஸ்டேஷனுக்கு வைத்திலிங்கம் வாடகை மோட்டார் கொண்டுவந்திருந்தார். வழியில் வண்டி கொதித்து நின்றது. எங்கள் பக்கமாக இருந்தால் வாய்க்காலில் மொண்டு ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இங்கே ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. சிவந்த மண், தென்னோலை முடைந்த கிடுகு வேலி, வேலிக்குள் கிணறு, கிணற்றுக்குச் சொந்தக்காரர். அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"ஐயா எந்த ஊர் ஆக்கள்?"

"கும்பகோணம்."

"கும்பகோணமோ! அப்ப சிவகாமி ரீச்சரின்ரை தமையனோ?"

"ஆம்."

"நல்லா நீந்துவா எண்டு கேள்வி," என்று சொல்லிவிட்டு வாளியைத் தந்தார்.

வைத்திலிங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீரோ காணும்," என்றார், வண்டி மறுபடி புறப்பட்டபோது. "கிணத்தடியிலையும் இந்தக் கதைதான்."

சிவகாமிக்கு வயது நாற்பத்து நாலு. ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்த கணவர் போய் ஆறு வருஷம். குழந்தை இல்லை. காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் டீச்சர்; இந்த ஊர் வாயில் ரீச்சர். பதினாலு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கறுத்திருந்தாள். தோள்கள் அகன்றிருந்தன. நடையில் ஒரு வேகம். பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள். பிட்டைச் சொதியில் நனைத்துச் சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் வெறுமனே விழுங்கி எனக்கு விக்கியது.

"அவசரப்படாதேங்கோ அண்ணை. ஆரும் பறிக்க வரேல்லை," என்றாள்.

அண்ணா என்று கூப்பிட்டு என்னிடமிருந்து போனவள். இந்த ஊர் அதையும் மாற்றிவிட்டது. காபி என்று ஒன்று வந்தது. அதில் கொத்துமல்லி வாசனை தூக்கலாக இருந்தது. குறை சொல்லாமல் குடித்தேன். அவளை அழைத்துப் போன பிறகு நல்ல காபி குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் பாடசாலைக்குப் போனதும் நான் பஸ் ஏறிக் காங்கேசன்துறை றெஸ்ற் ஹவுஸுக்குப் போனேன். விசாரணை என்றால் மனுதாரர் வாக்குமூலம் மட்டும் போதாது. சம்பந்தமில்லாத சாட்சி ஒருவராவது வேண்டும். விடுதிக் காவலர் அந்தோனிப்பிள்ளை அகப்பட்டார். குருநகர்க்காரர், ஐம்பது வயது, மெலிந்த மீசை. சிரஸ்தார் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உடனே ஒரு அலுமாரியைத் திறந்தார்.

"ஐயா, இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. இவ்வளவும் வந்த துரைமார், துரைசாணிமார் விட்டிட்டுப் போன குளிப்புச் சட்டையள்."

முப்பது வருஷத்துச் சட்டைகள். உரியவர் வராத பொருளை ஆறு மாதத்தில் ஏலம் விட்டிருக்க வேண்டும் என்றேன். "இதை ஆர் ஐயா இஞ்சை ஏலத்திலை கேப்பினம்?" என்றார். நியாயம்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது கருநீலக் கம்பளித் துணியில் தைத்தது. கப்பற்காரர் கழுத்துப்பட்டி, முழங்கை தாண்டிய கை, கீழே முழங்காலுக்கும் இறங்கிய காற்சட்டை, அதன் மேலே பாவாடை. தூக்கினால் ஒரு கைக்குழந்தையின் கனம். அதற்கு மேலே இருந்ததில் பாவாடை இல்லை. அடுத்ததில் கை இல்லை. பிறகு கோடு போட்ட பின்னல் சட்டைகள், ஆணுக்கா பெண்ணுக்கா என்று பிரிக்கமுடியாமல். மேலாக இருந்தது போன வருஷத்தது. அதற்கு முதுகே கிடையாது.

"வருஷத்துக்கு ஒரு சாண் குறையுது ஐயா," என்றார் அந்தோனிப்பிள்ளை. "இப்பிடியே போனால் இன்னும் பத்து வருஷத்திலை எனக்கு அலுமாரியே தேவைப்படாது."

விறாந்தையில் மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவரும் அவர் மனைவியும் கடலிலிருந்து வந்து ஈரத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்ப் பெண்கள் எங்கே குளிப்பார்கள் என்று அம்மாள் கேட்டாள். குளிப்பதேயில்லை, அவர்கள் மதம் அப்படி என்றார் துரை. தினம் கிணற்றடியில் நாற்பது வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளும் ஜனங்களைப் பற்றி! அம்மாள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் அம்மா கறுப்புக் காலுறை போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குவாள். வண்டி மாதிரி ஒரு மரக்கூண்டில் ஏற்றித் தண்ணீருக்குள் கொண்டுபோய் விடுவார்கள். கடைசிவரை கழுத்துக்கு மேல் நனைந்ததில்லை. எனக்கு நீச்சல் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை."

துரை பிஸ்கோத்தைத் தேநீரில் தோய்த்தார்.

தகாத கோலம் பற்றி அந்தோனிப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று கடலிலிருந்து ஆட்களை மீட்டு ஏற்றி வந்தது அவருடைய தம்பியின் வள்ளம்தான்.

தீவுப்பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரை லீவுக்கு வீட்டில் விடச் சிவகாமி கூடப் போயிருக்கிறாள். பாதிக் கடலில் காற்று திரும்பித் தோணி கவிழ்ந்தது. தோணிக்காரர்கள் இருவரும் கோவணத்தோடு இருந்தவர்கள், நீந்தினார்கள். பிள்ளைகளைப் பாவாடையும் தாவணியும் காலோடு சுற்றி இழுத்தன. சிவகாமி தன் சேலையை அவிழ்த்து ஒரு முனையைக் கவிழ்ந்த தோணியில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீந்தி, ஒவ்வொருத்தியாக அதைப் பிடிக்கவைத்தாள்.

"ரெண்டு பிள்ளையள் பிடிச்சுதுகள். மூண்டாவது எட்டேக்கை தாழ்ந்திட்டுது. ரீச்சர் மூண்டு தரம் முழுகிப் பாத்தவ. என்ரை தம்பி தலைமயிரிலை பிடிச்சுத்தான் அவவை வள்ளத்துக்கை இழுத்தவன். கரையிலை சனம். வள்ளத்தின்ரை பாயை அவிட்டுச் சுத்திக்கொண்டுதான் இறங்கினவ." அந்தோனிப்பிள்ளை அலுமாரியைச் சாத்தினார். "ஐயா, அந்தக் கோலத்திலை என்ன பிழை?"

மனு அங்கேயே தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் கிழக்குப் பார்த்த அறையில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வைத்திலிங்கம் என்னைக் கீரிமலைக்கு அழைத்துப் போனார். கடலுக்கும் கரைக்கும் நடுவில் ஊற்றுத் தண்ணீர்க் கேணி. இந்தச் சுவருக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் இனிக்கும் தண்ணீர். ஆண்கள் கேணி தனி, பெண்கள் கேணி தனி. ஆறில்லாத நாட்டில் மனிதர்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து கதைக்கும் இடம் இது ஒன்றுதான். பாடசாலை நிர்வாகசபை நால்வரும் வெள்ளிதோறும் அங்கே முழுகுவது வழக்கமாதலால், சபைக் கூட்டமும் கேணிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. தலைவர் வைத்திலிங்கம், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், வழக்குப் பேசும் பிரக்கிராசி ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நால்வரும் கழுத்தளவு தண்ணீரில். நால்வர் உடம்பிலும் இருந்த துணியைச் சேர்த்தால் ஒரு தலையணை உறை தேறாது.

அன்றைய விஷயம், பெண்பிள்ளைகள் நீந்தப் பழகும்போது உடுக்க வேண்டிய சட்டை. தோணி கவிழ்ந்த பிறகு தீவுப்பக்கத்துப் பெற்றோர் நீச்சல் பழக்கத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சபைக்கு மறுக்கவும் முடியவில்லை, சம்மதிக்கவும் மனமில்லை.

"கை முழங்கை மட்டும் மூடவேணும்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், கோவணத்தை இறுக்கிக்கொண்டே.

"முழங்கையோ? மணிக்கட்டு மட்டும்!" என்றார் பிரக்கிராசி.

"அது சரி. தண்ணிக்குள்ளை பாவாடை மேலை கிளம்புமே காணும்?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

நால்வரும் தண்ணீரைப் பார்த்தார்கள். இதை யாரும் அதுவரை யோசித்ததில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சிரஸ்தார் இருக்கிறார். விதியளை அவர் எழுதித் தரட்டும்," என்றார் வைத்திலிங்கம்.

ஒரு காரியத்தை நிறுத்த வேண்டுமானால் அதை மறுக்கக் கூடாது. மறுத்தால் மேல்முறையீடு வரும். நிபந்தனையோடு அனுமதிக்க வேண்டும். நிபந்தனை அதைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். இது கச்சேரியில் நான் பலமுறை செய்து பார்த்தது. அன்று மத்தியானமே எட்டு விதி எழுதினேன். தடித்த கறுப்புத் துணி. கழுத்துக்குப் பட்டி. மணிக்கட்டுவரை கை. கணுக்கால்வரை காற்சட்டை, அதன் மேல் கணுக்கால்வரை பாவாடை. பாவாடை கிளம்பாதிருக்க, அதன் கரையில் நாலு விரலுக்கு ஒன்றாக மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வைத்துத் தைக்க வேண்டும். கடைசி விதி: அனுமதிக்கு முன் ஒரு சட்டையைத் தைத்துத் தண்ணீரில் சோதிக்க வேண்டும்.

இதைப் போட்டுக்கொண்டு யாரும் நீந்தமுடியாது என்பது எனக்குத் தெரியும். காவேரியில் நீந்தி வளர்ந்தவன் நான். தெரிந்தேதான் எழுதினேன். அவள் கோபப்படுவாள், சண்டை போடுவாள், சலித்துப்போய் 'சரி, உங்களோடையே வாறன்' என்று சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

சிவகாமி தாளை இரண்டு தரம் படித்தாள்.

"கழுத்துப்பட்டி எத்தினை அங்குலம் எண்டு எழுதேல்லையே அண்ணை?"

"இரண்டு," என்றேன்.

"சரி," என்றாள். பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஈயக்குண்டு வாங்க யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். திரும்பும்போது ஈயப் பொட்டலம் என் மடியில்தான் இருந்தது. பஸ்ஸின் தலையில் புகையிலைச் சிப்பங்கள், உள்ளே இடித்துப் பிடித்து நாற்பது பேர். சக்கரம் வெடித்து எல்லோரையும் ஒரு வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருத்தி என் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"என்ன ஐயா, இந்தக் கனம்?"

"ஈயக்குண்டு," என்றேன்.

"மீன் பிடிக்கிற ஆளாத் தெரியேல்லையே?"

"எங்கடை பிள்ளையளின்ரை சட்டையிலை வைச்சுத் தைக்க எணை," என்றாள் சிவகாமி.

அந்த அம்மாள் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரும் செய்வினை செய்துபோட்டாங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் சிவகாமி, என்னைப் பார்க்காமலே. "நல்லாப் படிச்ச ஆள் ஒருத்தர்."

சக்கரம் மாற்ற ஒரு மணி நேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் அவள் நீச்சலைப் பற்றி என்னிடம் முதன்முறையாகப் பேசினாள். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் நாங்கள் இருவரும் காவேரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போவோம். அவளுக்குப் பன்னிரண்டு வயதான பிறகு அவளைப் படித்துறைக்கு விடவில்லை. ஒரு நாள் விடியலில் யாருக்கும் தெரியாமல் அவள் இறங்கியதைப் பார்த்து வீட்டில் போய்ச் சொன்னவன் நான். அதற்குப் பிறகு தோணி கவிழ்ந்த நாள்வரை அவள் நீந்தவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம் அண்ணை. கை மறந்திருக்கும் எண்டு நினைச்சன். மறக்கேல்லை. எப்பன் முந்தி, ஒரு மாசம் முந்தி இறங்கிப் பழகியிருந்தால் மூண்டாவதையும் பிடிச்சிருப்பன்." வேப்பம்பழம் ஒன்றை நகத்தால் கிள்ளினாள். "கெட்டிக்காரி. ஊசியிலை நூல் கோக்க அவளிட்டைத்தான் குடுப்பன். இப்ப எனக்குக் கண்ணாடி போட்டாலும் கோக்கேலாமல் கிடக்கு."

நான் ஈயப் பொட்டலத்தைக் காலுக்கடியில் தள்ளினேன்.

அன்று மாலைக்குள் சட்டை தைத்து முடிந்துவிட்டது. விதியிலிருந்து ஒரு நூல் பிசகவில்லை. சுவரில் மாட்டியபோது ஆணி வளைந்தது.

"திங்கட்கிழமை சோதனை," என்றாள். "பிள்ளையள் ஒண்டும் வேண்டாம். நானே போட்டுக்கொண்டு இறங்கிறன்."

"முழங்கால் தண்ணீரில் பார்த்தால் போதும்," என்றேன்.

"எட்டாம் விதியிலை அப்பிடி இல்லையே. ஆழத் தண்ணியிலைதான் சோதிக்கவேணும். தோணி முழங்கால் தண்ணியிலை கவிழாது."

அவள் முகத்தைப் பார்த்தேன். மிரட்டவில்லை. வீம்பும் இல்லை. நடப்பது நடக்கட்டும், எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்ற ஒரு களைப்பு மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அந்தச் சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் காங்கேசன்துறைக்குப் போனேன். அந்தோனிப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குப் புறப்பட்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயாவோ போடப்போறியள்?"

"சோதனை செய்யாத விதி செல்லாது. நீர் சாட்சி."

அவர் ஒரு தோணிக் கயிற்றை எடுத்துவந்து என் இடுப்பில் கட்டினார். சிவகாமி தன் அளவுக்குத் தைத்தது எனக்கு மார்பில் பிடித்தது; மற்றபடி நான் எழுதிய விதிகளுக்குள் நான் அடங்கினேன். பாறைகளுக்கு நடுவே ஆழமான ஒரு தண்ணீர்ப் பள்ளம் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்றேன். அறுபது வயது, இரண்டு அங்குலக் கழுத்துப்பட்டி.

"பூசைக்கு மணி அடிக்கப்போறாங்கள் ஐயா," என்றார் அந்தோனிப்பிள்ளை. "தாழுறதெண்டால் கெதியாத் தாழுங்கோ."

குதித்தேன். நாலு வீச்சு நீந்தியிருப்பேன். அதற்குள் கைகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு கையும் ஒரு குடமாயிற்று. பாவாடை கிளம்பவில்லை; அந்த மட்டில் விதி வெற்றிதான். ஈயம் பாவாடையைக் கீழே இழுத்தது. உதைத்தபோது குண்டுகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டின. நேராக, மரியாதையாக, நின்ற நிலையிலேயே கீழே போனேன். பச்சை வெளிச்சம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பயம் என் உயிரைப் பற்றியதாக இல்லை. நாளை இந்த இடத்தில் இருக்கப்போவது யார் என்பதுதான் காதுக்குள் இரைந்தது. அவளுக்கு யாரும் கயிறு கட்டியிருக்க மாட்டார்கள். அவளும் கேட்டிருக்க மாட்டாள்.

அந்தோனிப்பிள்ளை இழுத்துப் போட்டபோது பாறையில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினேன். அவருடைய பூசை வேட்டியும் நனைந்துவிட்டது.

"வடிவான சட்டை ஐயா," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "சவத்துக்குப் போட்டால் நல்லாயிருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது சிவகாமி கிணற்றடியில் நின்றாள். பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். மார்புப் பக்கம் தையல் விட்டிருந்தது. என் தலைமயிரைப் பார்த்தாள், உப்புப் பூத்திருந்த புருவத்தைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான், எந்த மனுவும் விதியும் இல்லாமல், கேட்டேன்.

"வீட்டில் யாரும் இல்லை, சிவகாமி. என்னோடு வந்துவிடேன்."

"இதை வந்த அண்டைக்கே கேட்டிருக்கலாமே அண்ணை."

"கேட்டிருந்தால் வந்திருப்பாயா?"

ஈரச் சட்டையை மடியில் போட்டு, பாவாடைக் கரையின் தையலைப் பல்லால் பிரித்தாள். ஒரு ஈயக்குண்டு உருண்டு விழுந்தது.

"இல்லை," என்றாள். "ஆனால் நீங்கள் சட்டைக்கு ஈயம் வைச்சிருக்க மாட்டியள்."

திங்கட்கிழமை சோதனைக்குப் பதிலாகச் சபையை அவசரக் கூட்டமாகக் கூட்டினேன். முழுக்கு நாள் அல்லாததால் இது உடுத்திய கூட்டம். வைத்திலிங்கம் வீட்டு விறாந்தையில் நால்வரும் வேட்டி சால்வையோடு உட்கார்ந்தபோது அடையாளம் காண எனக்குச் சிறிது நேரமாயிற்று. திருத்தம் கொண்டுவந்தேன். மெல்லிய துணி, அரைக் கை, முழங்கால்வரை காற்சட்டை. பாவாடை இல்லை. ஈயம் இல்லை.

"முழங்கால் தெரியுமே!" என்றார் பிரக்கிராசி.

"தெரியும். மூச்சும் இருக்கும்."

"நீர்தானே காணும் ஈயம் வைக்கச் சொன்னது?" என்றார் வைத்திலிங்கம்.

"நான்தான். நேற்று அதைப் போட்டுக்கொண்டு கடலில் குதித்தேன். சாட்சி இருக்கிறது." பழைய சட்டையை அவர்கள் நடுவில் வைத்தேன். அவள் பிரித்தெடுத்தது ஒரு குண்டுதான். "சபையில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் இதோ இருக்கிறது. எட்டாம் விதிப்படி சோதிக்கலாம். கயிறு நான் பிடிக்கிறேன்."

யாரும் தொடவில்லை. பிறகு தலைமையாசிரியர் குனிந்து பாவாடைக் கரையை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

"தாழ்ந்த பிள்ளைக்கு நான்தான் ஏடு தொடக்கினனான்," என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கடுதாசியைத் தாரும்," என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் போட்டார்கள். பிரக்கிராசி மட்டும், ஆண்கள் எவரும் கரையில் நின்று பார்க்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்றார். நியாயம்தான் என்று நானே எழுதிச் சேர்த்தேன்.

எல்லோரும் எழுந்த பிறகு வைத்திலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டார். முன்போல் விறைப்பு இல்லை.

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு போறதெண்ட கதை?"

"அவளிடமிருந்து அப்படி விண்ணப்பம் எதுவும் வரவில்லை," என்றேன்.

அவர் வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் நகர்த்தினார்.

புதிய சட்டைகள் தைக்க மூன்று நாள் ஆயிற்று. நான் பொத்தான் தைத்தேன். ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்ததும் நான்தான். வயதுக்கு என் கண் இன்னும் பரவாயில்லை. நூல் கோத்த ஊசிகளை ஒரு வாழைமட்டையில் வரிசையாகக் குத்திவைத்தேன், நான் போன பிறகும் சில நாளைக்கு வரும் என்று.

நான் புறப்பட்ட காலையும் முதல் வகுப்பும் ஒரே நாளில் அமைந்தன. நாளை மாற்ற எனக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியை ஸ்டேஷனில் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். பாறைக் குடாவைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கிடுகு மறைப்புக் கட்டியிருந்தார்கள். வாசலில் அந்தோனிப்பிள்ளை கயிற்றோடு காவல் இருந்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நானும் அவர் பக்கத்தில் அப்படியே நின்றேன்.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு பிள்ளைகள் கீச்சிட்டார்கள். "குளிருது ரீச்சர்!" "ரீச்சர், இவள் என்னைத் தள்ளுறாள்!" பிறகு ஒரு பெரிய சத்தம், ஒருத்தி குதிப்பது. எல்லோரும் அடங்கிப்போனார்கள். அலை இரண்டு முறை வந்து போயிற்று. என் விரல்கள் பக்கத்திலிருந்த கிடுகைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் தண்ணீரிலிருந்து சிவகாமியின் குரல் கேட்டது.

"பாத்தியளோ? இவ்வளவுதான். ஆர் முதல் வாறது?"

ஒரு சின்னக் குரல் "நான்" என்றது.

சற்றுப் பொறுத்து, மறைப்புக்கு மேலாகக் கூப்பிட்டாள். "அண்ணை! இன்னும் நிக்கிறியளோ?"

"ஆம்."

"ரெயில் போயிடும். கெதியா நடவுங்கோ. சாப்பாடு கட்டிப் பையிலை வைச்சிருக்கிறன், பாத்தியளோ?"

"பார்த்தேன்."

"நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. போட்டு வாங்கோ."

"போட்டு வாறன்," என்றேன், போய் வருகிறேன் என்பதை அவள் ஊர்ப் பேச்சிலேயே. அந்தோனிப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டார்.

ரயில் புறப்பட ஐந்து நிமிஷம் இருந்தது. ஸ்டேஷனுக்கு மூன்று நிமிஷ நடை. மீதியிருந்த இரண்டு நிமிஷமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.